கண்ணாடிக்குள் பூ: இம்ப்ளோஷன் கோலியும் பதக்கமும் செய்யும் முறை

தெளிந்த கண்ணாடிக் கோலிக்குள் இதழ்விரித்து நிற்கும் பூவை முதன்முறை பார்ப்பவர்கள், யாரோ பூவைத் தனியாகச் செய்து வைத்து, அதன்மேல் உருகிய கண்ணாடியை ஊற்றி மூடியிருப்பார்கள் என்றே பெரும்பாலும் எண்ணுகிறார்கள். உண்மையில் அந்தப் பூ, தட்டையான ஒரு கண்ணாடி வில்லையின் முகத்தில் வட்டமாக வைத்த வண்ணப் புள்ளிகளாகத்தான் தொடங்குகிறது. வில்லையின் விளிம்பைச் சுடரில் இளக்கும்போது, இளகிய கண்ணாடி தன் மேற்பரப்பைச் சுருக்கிக்கொண்டு உருண்டையாக முயல்கிறது. விளிம்பு தடித்து, முன்னோக்கி மடங்கி, நடுவை நோக்கி வருகிறது. அதனோடு புள்ளிகளும் உள்ளே இழுபட்டு நீண்டு இதழ்களாகின்றன. வண்ணம் வெளிமுகத்திலிருந்து உள்ளே வாங்கப்படுவதால் இதை இம்ப்ளோஷன் என்கிறார்கள். இக்கட்டுரையில் உள்வாங்கல் என்று குறிப்பிடுகிறேன்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்து மில்வில் நகரக் கண்ணாடித் தொழிலாளர்கள் பேப்பர்வெயிட்டுகளுக்குள் ரோஜா செய்தபோது, இதழ் வடிவில் அமைந்த உலோக அச்சைக் கொண்டு வண்ணக் கண்ணாடியைத் தெளிந்த கண்ணாடிக்குள் குத்தி ஏற்றினார்கள். உள்வாங்கலில் அத்தகைய அச்சு கிடையாது. வெப்பம் எங்கே படுகிறது, எவ்வளவு நேரம் படுகிறது, வில்லையைத் தாங்கிக் கையிலுள்ள கண்ணாடித் தண்டு எப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்ற மூன்றும்தான் அச்சின் வேலையைச் செய்கின்றன. புள்ளி வைக்க ஒரே நாளில் கற்றுவிடலாம். வெப்பத்தை உரிய இடத்தில் மட்டும் வைக்கும் பழக்கத்துக்குத்தான் பல வாரங்கள் தேவைப்படும். ஆகவே இந்த வழிகாட்டியில் அதற்கே மிகுந்த இடம் கொடுத்திருக்கிறேன்.

கண்ணாடியும் சுடரும்

இவ்வேலைக்கு, வெப்பம் தாங்கும் கடினக் கண்ணாடியான போரோசிலிகேட்டையே பரிந்துரைக்கிறேன். பாசிமணி செய்வோர் பயன்படுத்தும் மென்கண்ணாடியிலும் உள்வாங்கல் செய்யலாம். ஆனால் அது விரைவில் நீராக இளகிவிடுவதாலும், சற்றே ஆறினாலும் வெடித்துவிடுவதாலும், கற்பவருக்கு நிதானிக்க நேரம் தருவதில்லை. போரோசிலிகேட்டின் வெப்ப விரிவு மென்கண்ணாடியினுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். தொழிலில் அதை 33 என்றும், பாசிமணிக்கு உகந்த மென்கண்ணாடியின் ஒரு பெருவழக்கான வகையை 104 என்றும் சொல்வார்கள். இந்த எண்கள் ஒத்திருக்கும் கண்ணாடிகளை மட்டுமே ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும். 33 தண்டில் 104 வண்ணத்தை வைத்தால், செய்யும்போது ஒட்டிக்கொள்ளும். ஆறும்போது இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கி, வண்ணத்தைச் சுற்றிப் பிளவு விழும். இதை எந்தச் சூளையாலும் சரிசெய்ய முடியாது. எனவே வாங்கிய தண்டுகளை வகைவாரியாகத் தனித்தனிப் பெட்டிகளில் வையுங்கள். கலந்துவிட்டால் கண்ணால் பார்த்துப் பிரிப்பது அரிது.

போரோசிலிகேட்டுக்குப் புரொப்பேனும் ஆக்சிஜனும் எரியும் மேசை டார்ச் வேண்டும். காற்றை மட்டும் உறிஞ்சி எரியும் சிறு கைடார்ச், 20 மி.மீ. உருண்டையை ஊடுருவிச் சூடேற்றப் போதாது. சுடர் நடுநிலையாகவோ சற்றே ஆக்சிஜன் மிகுந்தோ இருக்கட்டும். புரொப்பேன் மிகுந்து மஞ்சள் நுனியுடன் எரியும் சுடர் வெள்ளி கலந்த வண்ணங்களின்மேல் சாம்பல்நிறப் படலத்தை உண்டாக்கும்; அந்தப் படலம் உள்வாங்கலோடு உள்ளே போய்விட்டால் பிறகு நீக்க வழியில்லை.

தண்டுகளில் 12 மி.மீ. தடிமனுள்ள தெளிந்த தண்டு, பிடிப்புக்கு 6 மி.மீ. தெளிந்த தண்டு, வண்ணத்தில் ஏழெட்டு வகை ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். வண்ணத் தண்டின் நுனியை இளக்கி இடுக்கியால் இழுத்து 2 மி.மீ. கம்பிகளாக்கிக்கொள்ள வேண்டும், இவற்றை ஸ்ட்ரிங்கர் என்பார்கள். கருவிகளில் கிராஃபைட் பலகை, அரைக்கோளக் குழிகள் கொண்ட கிராஃபைட் கோலி அச்சு, டங்ஸ்டன் ஊசி, நீண்ட இடுக்கி, முடிந்த பொருளை மெதுவாக ஆறவிட வெப்பநிலைக் கட்டுப்பாட்டுப் பெட்டியுடன் கூடிய சிறு மின்சூளை ஆகியவை கட்டாயம். செலவைக் குறைக்கச் சூளையைப் பிறகு வாங்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் முதலில் வெப்பம் தாங்கும் பஞ்சில் சுற்றி ஆறவைத்தேன். மறுநாள் முழுமையாக இருந்த கோலிகளில் சில, இரண்டு வாரம் கழித்து அலமாரியிலேயே இரண்டாகப் பிளந்து கிடந்தன. பிறருக்குக் கொடுக்கும் பொருளில் அந்த ஆபத்தை வைப்பது சரியன்று.

சுடர் ஏற்றுவதற்கு முன்

ஆக்சிஜன் குழாய், வால்வு, ரெகுலேட்டர் எதிலும் எண்ணெயோ கிரீசோ படக்கூடாது. அழுத்தமான ஆக்சிஜனில் எண்ணெய் தானாகவே தீப்பற்றும். இரு வாயுக் குழாய்களிலும் சுடர் பின்திரும்புவதைத் தடுக்கும் அடைப்பான்களைப் பொருத்துங்கள். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும் என்பதால், உருளையைத் தரைமட்டத்துக்குக் கீழான அறையில் ஒருபோதும் வைக்காதீர்கள். ஏற்றும்போது முதலில் புரொப்பேன், பிறகு ஆக்சிஜன்; அணைக்கும்போது முதலில் ஆக்சிஜன், பிறகு புரொப்பேன்.

சூடான கண்ணாடியிலுள்ள சோடியம் 589 நானோமீட்டர் அலைநீளத்தில் கண்கூசும் மஞ்சள் ஒளியை வீசுகிறது. டிடிமியம் என்னும் அருமண் கலவை சேர்ந்த மூக்குக்கண்ணாடி அதை வடிகட்டுவதால் வேலை தெளிவாகத் தெரியும். ஆனால் பெரிய போரோசிலிகேட் உருண்டை வெளியிடும் அகச்சிவப்புக் கதிரை டிடிமியம் மட்டும் போதிய அளவு தடுக்காது; எனவே வெல்டிங் வகைக் கருமையும் சேர்ந்த கண்ணாடி அணிவது நல்லது. சுடரில் நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகின்றன. சில வண்ணங்களில் காட்மியமும் உண்டு. சாளரத்தைத் திறந்து வைப்பது போதாது; மேசைக்கு மேலே புகையை வெளியே இழுக்கும் கூண்டும், அதற்கு ஈடாகப் புதுக்காற்று வரும் வழியும் அமைய வேண்டும். பருத்தி உடை அணியுங்கள். செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டும். மேலும், 300 டிகிரியில் உள்ள கண்ணாடியும் குளிர்ந்த கண்ணாடியும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். மேசையின் ஒரு பக்கத்தைச் சூடானவற்றுக்கென்றே ஒதுக்கி, அங்கே கிடப்பது எதுவானாலும் சூடானது என்று கொள்வதே பாதுகாப்பான வழக்கம்.

வில்லை

எவ்வளவு கண்ணாடி தேவை என்பதை முன்னரே கணக்கிட்டுக்கொண்டால் பாதித் தடுமாற்றம் குறையும். 20 மி.மீ. விட்டமுள்ள உருண்டைக்கு 12 மி.மீ. தண்டில் சுமார் 3.7 செ.மீ. நீளம் செலவாகும், 25 மி.மீ. கோலிக்கு 7.2 செ.மீ. வேண்டும். விட்டம் கால் பங்கு கூடும்போது கண்ணாடி ஏறத்தாழ இரு மடங்காகிறது என்பதைக் கவனியுங்கள். பெரிய கோலி செய்ய விரும்பும் தொடக்கநிலையினர் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

12 மி.மீ. தெளிந்த தண்டின் நுனியிலிருந்து 4 செ.மீ. தொலைவில் மைப்புள்ளி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தண்டை இரண்டு கைகளாலும் தாங்கி, நிறுத்தாமல் உருட்டிக்கொண்டே நுனியைச் சுடருக்குள் மெதுவாகக் கொண்டுவர வேண்டும். நுனி இளகி உருண்டையாகத் திரளத் தொடங்கியதும், தண்டைச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்தால் உருண்டை தண்டின்மேல் பின்னோக்கி அமரும். 20 மி.மீ. அளவு வந்தவுடன், உட்புறமும் சீராகச் சூடேற இன்னும் சில வினாடிகள் சுழற்றிவிட்டு, சுடருக்கு வெளியே எடுத்து, நிறம் சற்று மங்கும்வரை காத்து, கிராஃபைட் பலகையின்மேல் நேர்செங்குத்தாக அழுத்துங்கள். 28 மி.மீ. அகலமும் ஏறத்தாழ 7 மி.மீ. தடிமனும் உள்ள வில்லை உருவாகும். கைப்பிடித் தண்டு அதன் நடுவிலேயே இருக்க வேண்டும். ஒருபுறம் ஒதுங்கியிருந்தால் பூவும் ஒருபுறம் சாயும். பிழையை இந்தக் கட்டத்தில் திருத்துவது எளிது: மறுபடி உருண்டையாக்கி மறுபடி அழுத்தினால் போதும். வண்ணம் வைத்த பிறகு அந்த வாய்ப்புக் கிடையாது.

அழுத்திய முகத்தில் பலகையின் சுருக்கக்கோடுகள் பதிந்திருக்கும். முகத்தைச் சுடரில் ஓரிரு முறை காட்டி அவற்றை உருக்கி மழுப்பிய பிறகே புள்ளி வையுங்கள். அந்தக் கோடுகளுக்குள் சிக்கும் காற்று பின்னர் இதழ்களுக்கு நடுவே நுண்குமிழ்களாகத் தெரியும்.

புள்ளிகள்

புள்ளி வைக்கும் வரிசையைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விதி போதும்: முடிந்த பொருளை நாம் பார்ப்பது கைப்பிடித் தண்டு இருந்த பக்கத்திலிருந்து. அதாவது இப்போது நமக்கு எதிரே இருக்கும் முகம், நாளை பூவின் பின்புறம். எனவே முதலில் வைப்பது பார்ப்பவரின் கண்ணுக்கு அருகிலும், கடைசியாக வைப்பது ஆழத்திலும் அமையும். முகத்தின் நடுவில் வைக்கும் புள்ளி பூவின் மையமாகிறது. அதைச் சுற்றிய வட்டம் உள்ளிதழ்கள். விளிம்பை ஒட்டிய வட்டம் வெளியிதழ்கள். விளிம்பின் ஓரத்திலேயே, இதழ்களுக்கு இடைப்பட்ட வெளிகளில் வைக்கும் பச்சைப் புள்ளிகள் பின்னே எட்டிப்பார்க்கும் இலைகள்.

இதே காரணத்தால் ஒரு புள்ளியின்மேல் மற்றொன்றை அடுக்கும்போதும் வரிசை தலைகீழ். ஒளி ஊடுருவும் நீலத்தை வெள்ளைப் பின்னணியில் பளிச்சென்று காட்ட வேண்டுமானால், முதலில் நீலம், அதன்மேல் வெள்ளை. வெள்ளையை முதலில் வைத்தால் முன்பக்கத்திலிருந்து வெள்ளையே தெரியும். நீலம் அதன் விளிம்பில் மெல்லிய நிழலாக மட்டும் எட்டிப்பார்க்கும். அதுவும் அழகுதான், ஆனால் விரும்பிச் செய்ததாக இருக்க வேண்டும்.

முதல் பூவுக்கு எட்டு இதழ்களே உகந்தவை. விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே, கடிகாரத்தின் 12, 6, 3, 9 ஆகிய இடங்களில் நான்கு புள்ளிகளை வைத்துவிட்டு, இடைவெளிகளின் நடுவில் மற்ற நான்கையும் வைத்தால் கண்மதிப்பிலேயே சமமாக அமையும். ஐந்து இதழ் இயற்கையான தோற்றம் தரும். ஆனால் எதிரெதிராக வைத்து அளக்க முடியாததால் கை பழகிய பிறகு முயலலாம். ஒவ்வொரு புள்ளியும் 3 முதல் 4 மி.மீ. அகலம் இருக்கட்டும். எட்டும் ஒரே அளவில் இருப்பதுதான் இடைவெளியைவிட முக்கியம். ஏனெனில் பெரிய புள்ளி நீண்ட இதழாகி அண்டை இதழைத் தள்ளிவிடும்.

புள்ளி வைக்கும்போது ஸ்ட்ரிங்கரின் நுனி மட்டுமே சுடரில் இளக வேண்டும். வில்லை சுடரின் ஓரத்தில், சூடாக ஆனால் கெட்டியாக இருக்க வேண்டும். நுனியைத் தொட்டு, ஒரு கணம் நிறுத்தி, ஸ்ட்ரிங்கரைச் சற்றே விலக்கி, இடைப்பட்ட மெல்லிய நூலைச் சுடரால் அறுத்துவிடுங்கள். ஒவ்வோர் இரண்டு மூன்று புள்ளிகளுக்கும் ஒருமுறை வில்லை முழுவதையும் சுடரில் காட்டிச் சூட்டைத் தக்கவைக்க வேண்டும். புள்ளியிலேயே கவனம் நிலைத்து வில்லையை மறந்துவிடுவது எல்லோருக்கும் நேர்வது. ஆறிய வில்லை மறுபடி சுடரில் நுழையும் கணத்தில் வெடிக்கும்.

புள்ளிக்குப் பதில் நடுவிலிருந்து விளிம்புவரை ஸ்ட்ரிங்கரால் கோடு இழுத்தால் ஒல்லியான, கதிர்போன்ற இதழ்கள் கிடைக்கும். தடித்த கோடுகளையும் மெல்லிய கோடுகளையும் மாற்றி மாற்றி வைப்பதும் நன்றாக அமையும். வண்ணத் தேர்வைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். வெள்ளி கலந்த வண்ணங்கள் மிகவும் ஈர்ப்பவை. ஆனால் அவை ஆறி மறுபடி சூடேறும்போது நிறம் மாறுபவை. காட்மியம் கலந்த சிவப்பும் மஞ்சளும் அதிகச் சூட்டில் கொதித்துக் குமிழிடும். முதல் இருபது பூக்களை வெள்ளை, கோபால்ட் நீலம் ஆகிய இரண்டு வண்ணங்களோடு மட்டும் செய்யுங்கள். பிழை வந்தால் அது வெப்பத்தின் பிழை என்று உறுதியாகத் தெரியும்.

உள்வாங்கல்

புள்ளிகளை முதலில் முகத்தோடு சமமாகும்வரை உருக்க வேண்டும். மேடாக நிற்கும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே பள்ளம் இருக்கும். விளிம்பு மடங்கும்போது அந்தப் பள்ளம் மூடிக்கொண்டு காற்றைச் சிறைப்பிடிக்கும். ஆனால் சமமாக்கும் சாக்கில் முகத்தை ஆழமாக இளக்கிவிடக்கூடாது. மேற்பரப்பு மட்டும் பளபளத்து மேடுகள் அடங்கியதும் சுடரைவிட்டு விலக்கி, முகம் மறுபடி கெட்டியாகும்வரை ஏழெட்டு வினாடிகள் காத்திருங்கள். இந்தக் காத்திருப்புதான் அடுத்த கட்டத்தின் அடித்தளம்.

இப்போது சுடரைக் கூர்மையாக்கி, வில்லையின் விளிம்பில் மட்டும் படுமாறு, சற்றே கைப்பிடிப் பக்கத்திலிருந்து காட்டுங்கள். தண்டு மேலேயும் முகம் கீழேயுமாக 30 டிகிரி அளவுக்குச் சாய்ந்திருக்கட்டும். தண்டை நிதானமாக, ஒரே வேகத்தில் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விளிம்பு முதலில் கூர்மை இழந்து உருளும், பிறகு தடிக்கும், பிறகு முகத்தை நோக்கிச் சுருளத் தொடங்கும். இளகிய விளிம்பைப் பூமியின் ஈர்ப்பு முன்னோக்கி இழுக்கிறது. மேற்பரப்பு இழுவிசை உள்நோக்கி இழுக்கிறது. நடுப்பகுதி இன்னும் கெட்டியாக இருப்பதால் அது நகராமல் நிற்கிறது. இந்த மூன்றின் பயனாக வில்லையின் முகம் ஆழமற்ற கிண்ணமாகிறது. புள்ளிகள் இப்போது அந்தக் கிண்ணத்தின் உட்சுவரில் இருக்கின்றன.

இங்கே அவசரப்படுபவர்கள் சுடரை முகத்துக்கு நேரே திருப்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் நடுப்பகுதியும் இளகி, கிண்ணம் தட்டையாகி, புள்ளிகள் மேற்பரப்பிலேயே பரவிக் கரைந்துபோகும். நான் முதலில் செய்த பூக்கள் எல்லாமே இப்படிப் பரவியவை. அவற்றை முன்பக்கத்திலிருந்து பார்த்தால் வண்ணத் தாள் ஒட்டியதுபோல ஆழமின்றி இருந்தன. காரணம் புரியாமல் புள்ளியின் அளவையும் எண்ணிக்கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். மாற்ற வேண்டியிருந்தது சுடரின் கோணம் மட்டுமே.

கிண்ணத்தின் வாய் குறுகக் குறுக, வெப்பத்தைச் சிறிது சிறிதாக முன்னோக்கி நகர்த்துங்கள். எப்போதும் வாயின் உதட்டில்தான் சுடர் பட வேண்டும், வாய்க்குள் போகக்கூடாது. உட்பகுதி முதலில் ஒன்றோடொன்று தொட்டு, பிறகு வெளிப்பகுதி தொட வேண்டும் என்பது முக்கியம். உதடுகள் முதலில் ஒட்டிக்கொண்டால் உள்ளே காற்றறை உருவாகிவிடும். உதட்டை மிக அதிகமாக இளக்கியிருந்தால்தான் அப்படி நேரும். அவ்வாறு நேரப்போகிறது என்று தெரிந்தால், சுடரைவிட்டு விலக்கித் தண்டைக் கிடைமட்டமாக்கி, உதடு சற்றுக் கெட்டியாகும்வரை உருட்டிவிட்டு, அகன்ற மென்சுடரில் முழுவதையும் சூடேற்றி மறுபடி தொடங்குங்கள். வேகமாக முடித்த உள்வாங்கல் எதையும் நான் நல்லதென்று பார்த்ததில்லை. 28 மி.மீ. வில்லை முழுவதும் மூடிக்கொள்ளப் பத்து நிமிடம் ஆனாலும் அது தாமதம் ஆகாது.

மூடிய பிறகு நுனியில் எல்லா வண்ணங்களும் ஒரு சிறு புள்ளியாகக் கூடியிருக்கும். அங்கே கலங்கிய வண்ணக்குவியல் துருத்திக்கொண்டிருந்தால், நுனியைக் கூர்சுடரில் இளக்கி இடுக்கியால் ஒரு சிறு துளியைப் பிடித்து இழுத்து அறுத்துவிடலாம். இதழ்களின் அடி அப்போது இன்னும் ஒடுங்கிக் கூர்மை பெறும். பின்னணி வேண்டுமானால் கறுப்பு அல்லது அடர்நீலக் கண்ணாடியை இந்தப் பின்முகத்தின்மேல் மெல்லிய தொப்பிபோலப் பூசுங்கள். இதழ்களுக்கு இடையே அந்த இருள் தெரியும்போது பூ மிதப்பதுபோலத் தோன்றும். பின்னணி இல்லாமல் விட்டால் ஒளி ஊடுருவி வண்ணம் இலேசாக இருக்கும். ஒளி ஊடுருவும் வண்ணங்களுக்குப் பின்னணி இல்லாமையே எனக்குப் பிடித்தது.

சிலர் புள்ளிகளை வில்லையின் கைப்பிடிப் பக்கத்தில் வைத்து, விளிம்பைப் பின்னோக்கி மடக்குகிறார்கள். அதில் முன்முகம் தொடக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. ஆனால் புள்ளி வைக்கும்போதெல்லாம் தண்டு குறுக்கே நிற்கும். கற்பவருக்கு முதலில் சொன்ன முறையே தெளிவு.

முன்முகம்

பன்டி என்னும் துணைத்தண்டாக 6 மி.மீ. தெளிந்த தண்டை எடுத்து, அதன் நுனியை இளக்கி, சற்று ஆறவிட்டு, வண்ணங்கள் கூடிய நுனியில் நேராக ஒட்டுங்கள். பொருள் கெட்டியாகவும் பன்டியின் நுனி மட்டும் இளகியும் இருந்தால், ஒட்டு வேலைக்குத் தாங்கும். பிறகு தட்டினால் விட்டுக்கொடுக்கும். இரண்டையும் இளக்கி ஒட்டினால் அது நிரந்தரமாகிவிடும்.

பிறகு முதல் தண்டைப் பூவுக்கு முன்னால் வேண்டிய தொலைவில் சுடரால் இளக்கி இழுத்துப் பிரியுங்கள். பதக்கத்துக்குச் சுமார் 1 செ.மீ. தண்டை விட்டுவைத்தால் போதும், 25 மி.மீ. கோலிக்கு 3.5 செ.மீ. வேண்டும். இழுத்த வாலை இடுக்கியால் அறுத்துவிட்டு, விட்டுவைத்த கண்ணாடியை இளக்கிக் குவிந்த முன்முகமாக உருட்டுங்கள். இப்போதும் வெப்பம் முன்பாதியில் மட்டும் இருக்க வேண்டும். பின்பாதி இளகினால் பூ முறுகும்.

இந்தக் குவிமுகம் வெறும் மூடியன்று, உருப்பெருக்கியும்கூட. போரோசிலிகேட்டின் ஒளிவிலகல் எண் 1.47. உருண்டையின் மையத்திலுள்ள பொருள், நேரெதிரே பார்க்கும்போது ஏறத்தாழ ஒன்றரை மடங்காகத் தெரியும். பின்சுவரில் உள்ள பொருள் ஏறத்தாழ 2.8 மடங்காகத் தெரியும். சிறு பூ கோலிக்குள் முழுமையாக நிரம்பித் தெரிவதற்கு இதுவே காரணம். அதேபோல் பின்பக்கத்தில் விட்டுவைத்த சிறு அழுக்கும் குமிழும் பெருகித் தெரியும். தண்டுகளை வேலைக்கு முன் ஸ்பிரிட்டால் துடைத்து, முற்றிலும் உலரவிட்டுச் சுடருக்குக் கொண்டுவரும் வழக்கத்தை அதனால்தான் நான் விடுவதில்லை.

கோலியாக்குதல்

உருண்டையை முழுவதும் சீராகச் சூடேற்றி, கிராஃபைட் அச்சின் குழியில் வைத்து, பன்டியை உருட்டியபடியே பல கோணங்களில் சாய்த்துத் திருப்ப வேண்டும். குழி, கோலியைவிடச் சற்றே பெரியதாக இருந்தால் கண்ணாடி வளைவைத் தொட்டுத் தொட்டு உருண்டு சீராகும். அச்சின் உள்ளே நிறுத்திவைத்தால் தொடும் இடம் குளிர்ந்து சுருக்கம் விழும்.

பன்டி பிடித்திருக்கும் பக்கம் இன்னும் உருண்டையாகாததால், எதிர்ப்பக்கத்தில் மிகச் சிறிய தொடுபரப்போடு மற்றொரு பன்டியை ஒட்டி, முதலாவதை இளக்கி அறுத்து, அந்தப் பக்கத்தையும் உருட்ட வேண்டும். கடைசிப் பன்டியின் தடம் முன்முகத்தின் நடுவில் வராமல், சற்றுப் பக்கவாட்டில் ஒட்டுவது நல்லது. தட்டி விடுவித்தபின், முன்னரே சூடேற்றிய அச்சுக்குழியில் கோலியைத் தடம் மேல்நோக்கியிருக்குமாறு இருத்தி, கைடார்ச்சின் சிறுசுடரால் அந்த இடத்தை மட்டும் உருக்கி மழுப்பிவிட்டு, உடனே சூளைக்குள் சேர்த்துவிடுங்கள்.

பதக்கமாக்குதல்

பதக்கத்துக்கு முழு உருண்டை தேவையில்லை. முன்முகம் குவிந்தும் பின்முகம் சற்றே தட்டையாகவும் இருந்தால் நெஞ்சில் புரளாமல் படியும். குவிமுகம் முடிந்தவுடன், பூவின் எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று பார்த்து, அந்த விளிம்பில் 6 மி.மீ. தண்டை நன்றாக இளக்கி உறுதியாக ஒட்டுங்கள். இது தற்காலிகப் பிடியன்று, வளையமாகப் போகும் பகுதி. ஒட்டுமிடத்தைச் சுற்றிலும் உருக்கிக் கூர்மடிப்பு எதுவும் இல்லாமல் செய்ய வேண்டும். மடிப்பு இருந்தால் பிளவு அங்கிருந்துதான் தொடங்கும். பிறகு பின்முகத்துப் பன்டியை அறுத்து, அந்த இடத்தை உருக்கி, பலகையால் மென்மையாக அழுத்தித் தட்டையாக்குங்கள்.

இறுதியாக, விளிம்புத் தண்டை 2 செ.மீ. தொலைவில் இளக்கிச் சற்று மெலியும்படி இழுத்து அறுங்கள். நுனியை இடுக்கியால் பிடித்துப் பின்பக்கமாக வளைத்து, பதக்கத்தின் பின்விளிம்பில் தொடச்செய்து உருக்கி ஒட்டினால் வளையம் ஆயிற்று. துளையின் வடிவம் சுருங்கியிருந்தால் டங்ஸ்டன் ஊசியை நுழைத்துச் சுழற்றி அகலப்படுத்தலாம். கயிறு உரசும் உள்விளிம்பைச் சுடரில் ஒருமுறை காட்டி மழுக்கிவிடுங்கள். பதக்கத்தைப் பிடிக்க இப்போது கைப்பிடி இல்லாததால், வளையம் ஒட்டும் கணத்தில் அதைச் சூடேற்றிய நகப்பிடியில் (நகங்கள்போன்ற கம்பிகளால் பொருளைக் கவ்வும் பிடி) வைத்திருப்பது அவசியம். குளிர்ந்த பிடி தொட்ட இடத்தில் மயிர்க்கோட்டுப் பிளவு விழும்.

ஆறவிடுதல்

சூளை, வேலை தொடங்கும்போதே 565 டிகிரி செல்சியஸில் தயாராக இருக்க வேண்டும். கடைசிப் பொருளும் உள்ளே சென்றபின் அந்த வெப்பநிலையில் ஒரு மணிநேரம் வைத்திருங்கள். பிறகு மணிக்கு 60 டிகிரி வீதம் 480 டிகிரிவரை இறக்கி, அதன்பின் மணிக்கு 120 டிகிரி வீதம் 300 வரை கொண்டுவந்து, சூளையை அணைத்துத் தானே ஆறவிடுங்கள். 25 மி.மீ. அளவுவரை இது பாதுகாப்பான திட்டம். தடிமன் கூடினால் ஒவ்வொரு கட்டத்தையும் நீட்டிக்க வேண்டும். கதவைத் திறந்து எட்டிப்பார்க்கும் ஆசை வரும். உட்புறம் கைச்சூட்டுக்கு வரும்வரை திறக்காதீர்கள்.

கண்ணாடிக்குள் அழுத்தம் மிஞ்சியிருக்கிறதா என்பதைக் கண்டறிய இரண்டு போலராய்டு தகடுகள் போதும். ஒன்றன்மேல் ஒன்றைக் குறுக்காகத் திருப்பி ஒளி முற்றும் மறையும் நிலையில் நிறுத்தி, இடையே பொருளை வைத்துப் பாருங்கள். முழுவதும் இருளாகவே இருந்தால் நன்று. வண்ணத்தைச் சுற்றியோ வளையம் ஒட்டிய இடத்திலோ வெள்ளொளி பளிச்சிட்டால் அங்கே இழுவிசை தேங்கியிருக்கிறது. வளையத்தைச் சுற்றியானால் மறுபடி சூளையில் மெதுவாக ஏற்றி இறக்கினால் பெரும்பாலும் நீங்கும். இரண்டாம் முறைக்குப் பிறகும் வண்ணத்தைச் சுற்றியே மிளிர்ந்தால் அந்த வண்ணத் தண்டு உங்கள் தெளிந்த கண்ணாடிக்கு ஒத்ததன்று, அதைப் பெட்டியிலிருந்து நீக்கிவிடுங்கள்.

பூவைப் படித்தல்

பூ ஒருபுறம் சாய்ந்திருந்தால் சுழற்சி ஓரிடத்தில் தயங்கியிருக்கிறது. கண்ணாடி எப்போதும் அதிகம் சூடேறிய பக்கத்துக்கு ஓடும். இதழ்கள் குட்டையாகவும் மழுங்கியும் இருந்தால் வில்லை தடிமனாக இருந்ததும் விளிம்பு போதிய அளவு மடங்காததும் காரணம். அடுத்த வில்லையை 30 மி.மீ. அகலத்துக்கு மெலிதாக்கிப் பாருங்கள். எல்லா இதழ்களும் ஒரே திசையில் முறுகியிருந்தால், இளகிய நிலையில் பன்டியும் பொருளும் வெவ்வேறு வேகத்தில் உருண்டிருக்கின்றன.

வெளியிலிருந்து பார்த்துக் காரணம் புரியாத பூக்களும் உண்டு. அவற்றுள் நன்றாக ஆறவைத்த ஒன்றிரண்டை, நீர் சொட்டும் வைர அறுவைச் சக்கரத்தில், தண்டு இருந்த அச்சின் வழியே பாதியாக அறுத்துப் பாருங்கள். ஒவ்வொரு புள்ளியும் எந்த ஆழத்திலிருந்து தொடங்கி எங்கே வளைந்து எங்கே கூடியது என்பது வெட்டுமுகத்தில் கோடாகத் தெரியும். நல்ல பூவில் அந்தக் கோடு நடுவிலிருந்து வெளியே வளைந்து, பின்நுனிக்கு ஒரே வீச்சில் திரும்பும். சுடர் முகத்தில் பட்ட பூவில் அது பின்சுவரோடு ஒட்டிப் படுத்துக் கிடக்கும். அறுத்த பாதிகளைச் செய்த நாளும் வில்லையின் அளவும் எழுதி மேசையருகே வைத்திருக்கிறேன். புதிய வில்லை ஒன்றைச் சூடேற்றும் முன் இன்றும் அவற்றை எடுத்துப் பார்ப்பது வழக்கம்.